பியர்-டு-பியர்: ஒரே பெயரில் நான்கு சங்கதிகள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "யூபிஐயில் நண்பனுக்குப் பணம் அனுப்பினால் என் வங்கி அறிக்கையில் பி2பி என்று வருகிறது. டோரண்டையும் பி2பி என்கிறார்கள். ஒரு செயலி, பி2பி கடனில் பணம் போட்டால் நல்ல வட்டி என்று விளம்பரம் செய்கிறது. அறைத்தோழன் பி2பியில் கிரிப்டோ விற்கிறான். எல்லாம் ஒரே தொழில்நுட்பமா? தமிழில் இதை எப்படிச் சொல்வது?"

ஒரே தொழில்நுட்பம் கிடையாது. கோப்புகளைப் பகிரும் முறையான டோரண்டில் இருப்பது கணினிகளுக்கு இடையிலான உறவு. யூபிஐயிலும் கடனிலும் இருப்பது மனிதர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல். கிரிப்டோவில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, பணம் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பி2பி என்பது பொதுவாகப் பியர்-டு-பியர் என்பதன் சுருக்கம். பியர் என்றால் சமமானவர். லத்தீனில் சமம் என்று பொருள்படும் 'பார்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பியர் ஆனது. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவில், சுதந்திர மனிதன் ஒருவனைச் சிறைப்பிடிப்பதானால் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்பு வேண்டும் என்று ஒரு ஷரத்து உண்டு. அந்தச் 'சமமானவர்கள்'தான் பியர்கள். ஆய்வுக் கட்டுரையை அதே துறையில் இருக்கும் இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பதைப் பியர் ரிவ்யூ என்பதும் இதே பொருளில்தான். நண்பன், பழகியவன் என்ற அர்த்தம் இதில் இல்லை. முகமே தெரியாதவர்கூட உங்களுக்குப் பியராக இருக்கலாம். நிலை ஒன்றாக இருந்தால் போதும்.

கணினியில் அந்தச் சமநிலைக்கு என்ன பொருள்? கல்யாணப் பந்தியையும் கூட்டாஞ்சோற்றையும் நினைத்துப் பாருங்கள். பந்தியில் பரிமாறுபவர் வேறு, சாப்பிடுபவர் வேறு. ஆயிரம் பேருக்குச் சமைத்த இடத்தில் மூவாயிரம் பேர் வந்தால் சமையற்கட்டு திணறும். நாம் தினமும் பார்க்கும் இணையதளங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. சர்வர் பரிமாறுகிறது, நம் போன் சாப்பிடுகிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தளம் படுத்துவிடுவது பந்தியில் சோறு தீர்ந்த கதைதான். கூட்டாஞ்சோற்றில் வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பிடி அரிசி, ஒரு கத்தரிக்காய் என்று எதையாவது கொண்டுவருகிறார். ஆள் கூடக் கூடப் பானையும் பெரிதாகும். பியர்-டு-பியர் வலைப்பின்னலின் உயிர்நாடி இதுதான்: ஒவ்வொரு கணினியும் வாங்கவும் செய்கிறது, அதே நேரத்தில் கொடுக்கவும் செய்கிறது. கூட்டம் அங்கே பாரமாக இருப்பதில்லை, பலமாக இருக்கிறது.

இது பின்னாளில் வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். இணையம் பிறந்ததே இப்படித்தான். 1969 டிசம்பரில், இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்பாநெட்டில் இருந்தவை நான்கே கணினி மையங்கள்: லாஸ் ஏஞ்சலிஸ், சான்டா பார்பரா, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம், யூட்டா. இவற்றில் எதுவும் தலைமை இல்லை. எந்த மையமும் எதனிடமும் கேட்கலாம், எதற்கும் கொடுக்கலாம். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் வடிவமைத்த யூஸ்நெட் என்ற செய்திப் பகிர்வுப் பின்னலிலும் செய்திகள் இப்படியே, ஒரு கணினி பக்கத்துக் கணினிக்கு நகல் கொடுத்து, அது அடுத்ததற்குக் கொடுத்துத்தான் பரவின. வீட்டுக் கணினிகள் இணையத்துக்குள் வந்த பிறகே இந்தச் சமநிலை குலைந்தது. தொலைபேசிக் கம்பி வழியான டயல்-அப்பில் இணைப்பு அவ்வப்போது வந்து போகும், இணையத்தில் கணினியின் விலாசமான ஐபி முகவரி ஒவ்வொரு முறையும் மாறும். பின்னால் வந்த கேபிள், ஏடிஎஸ்எல் இணைப்புகளிலோ பதிவிறக்க வேகத்தில் சிறு பங்குதான் பதிவேற்றத்துக்குக் கிடைக்கும். வாங்க மட்டுமே லாயக்கான இணைப்புகள்.

அந்த நிலையை உடைத்தது நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வுச் சேவை. 1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் வெளியிட்டார். உங்கள் கணினியில் இருக்கும் எம்பி3 பாடல்களின் பட்டியல் நாப்ஸ்டரின் சர்வருக்குப் போகும். யாராவது ஒரு பாட்டைத் தேடினால் அது எந்தக் கணினியில் இருக்கிறது என்று சர்வர் சொல்லும். பாட்டு மட்டும் நேராக ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்குப் போகும். அதாவது பொருள் எல்லார் வீட்டிலும் இருந்தது, விலாசப் புத்தகம் மட்டும் ஒரே இடத்தில் இருந்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டதும் நீதிமன்றத்துக்குப் பிடிக்க ஒரு குடுமி கிடைத்தது அங்கேதான். 2001 ஜூலையில் அந்தச் சர்வரை அணைத்தார்கள், கோடிக்கணக்கான பாடல்கள் அவரவர் கணினியில் அப்படியே இருந்தும் நாப்ஸ்டர் நின்றது. ஒரு சேவையைப் பி2பி என்று யாராவது சொன்னால், நடுவில் என்ன மிச்சம் இருக்கிறது, அதை அணைத்தால் எது நிற்கும் என்று நான் முதலில் கேட்பதற்கு இந்த வழக்குதான் காரணம்.

சரி, விலாசப் புத்தகமே வேண்டாம் என்று 2000 மார்ச்சில் க்னூடெல்லா வந்தது. உங்கள் கணினிக்கு நான்கு பேரைத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் கேட்கும். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேறு மூவரிடம் கேட்பார்கள். இப்படி ஏழு சுற்று போனால், யாரும் இரண்டு முறை வராத பட்சத்தில், உங்கள் ஒரே ஒரு கேள்வி 4,372 கணினிகளைத் தட்டியெழுப்பியிருக்கும். அணைக்க நடு இல்லை, ஆனால் இரைச்சல் தாங்காது. ஆளுக்கொரு கேள்வி கேட்டால் பின்னலே கேள்விகளால் அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது 2002இல் பீட்டர் மைமூன்கோவும் டேவிட் மசியேரெஸும் எழுதிய கடெம்லியா என்ற தேடல் முறை. விலாசப் புத்தகத்தை எரிக்காமல், துண்டு துண்டாகக் கிழித்து எல்லாரிடமும் கொடுத்துவிடுவது அதன் யோசனை. ஒவ்வொரு கணினிக்கும் 160 பிட் நீளமுள்ள ஓர் எண். ஒவ்வொரு கோப்புக்கும் அதே நீளத்தில் ஓர் எண். கோப்பின் எண்ணுக்கு எந்தக் கணினிகளின் எண் நெருக்கமாக இருக்கிறதோ, அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற தகவலை அந்தக் கணினிகள் வைத்திருக்கும். தேடும்போது ஒவ்வொரு எட்டிலும் மீதித் தூரம் ஏறக்குறைய பாதியாகும். பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் இருபது எட்டுக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். கணினி அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த சில யோசனைகளில் இது ஒன்று. கல்லூரிகளில் இதைக் கரும்பலகையில் போட்டுக்காட்டும்போது மாணவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஓராண்டு முன்னால், 2001 ஜூலையில், பிராம் கோஹன் பிட்டோரண்டை வெளியிட்டிருந்தார். டோரண்ட் என்றதும் திருட்டுப் படம் ஞாபகம் வருகிறவர்களுக்காக நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முப்பது கணினிகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் நிறுவ வேண்டும். கோப்பு 4 ஜிபி. ஆய்வகச் சர்வரின் இணைப்பு 100 மெகாபிட், அதாவது வினாடிக்குச் சுமார் 12 எம்பி. ஒரு கணினிக்கு ஆறு நிமிடம் என்றால் முப்பதுக்கும் மூன்று மணி நேரம். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் இழுக்கவிட்டாலும் அதே மூன்று மணி நேரம்தான், ஏனென்றால் எல்லாம் அந்த ஒரே கம்பி வழியாக வர வேண்டும். டோரண்டாக மாற்றிவிட்டோம். இருபது நிமிடத்துக்குள் முப்பதும் முடிந்தன. இரண்டாவது வரிசையில் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோப்பைக் காட்டும் நீளப்பட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நீலக் கோடுகள் முளைத்தன. 3 சதவீதம் வந்திருந்தபோதே அந்தக் கணினி பக்கத்து நான்கு கணினிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முழுதாகக் கிடைக்கும் வரை அது காத்திருக்கவே இல்லை.

உள்ளே நடப்பது இது. 4 ஜிபி கோப்பை 1 எம்பி துண்டுகளாக வெட்டினால் 4,096 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து ஷா-1 என்ற முறையில் கணக்கிட்ட 20 பைட் கைரேகை. நாம் முதலில் இறக்கும் .டோரண்ட் கோப்பில் பெரும்பகுதி இந்தக் கைரேகைப் பட்டியல்தான், மொத்தம் 80 கேபி அளவுக்கு வரும். முகம் தெரியாத யாரோ கொடுக்கும் துண்டை நம்பலாமா என்ற கேள்விக்கு இதுதான் பதில். வந்த துண்டின் கைரேகை பொருந்தாவிட்டால் தூக்கியெறிந்துவிட்டு வேறொருவரிடம் கேட்கும். கொடுப்பவரை நம்ப வேண்டியதில்லை, பட்டியல் சரியான இடத்திலிருந்து வந்திருந்தால் போதும்.

எந்தத் துண்டை முதலில் வாங்குவது? கூட்டத்தில் மிகச் சிலரிடம் மட்டும் இருக்கும் துண்டை. அவர்கள் கிளம்பிப் போவதற்குள் நகல் பெருக வேண்டுமே. யாருக்குக் கொடுப்பது? கோஹனின் மூல வடிவமைப்பில் ஒரு கணினி பொதுவாக நான்கு பேருக்குத்தான் ஒரே சமயத்தில் கொடுக்கும். தனக்கு யார் வேகமாகக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு முன்னுரிமை, பத்து வினாடிக்கு ஒருமுறை மறுபரிசீலனை. அது மட்டும் என்றால் புதிதாக வந்தவரிடம் கொடுக்க எதுவும் இல்லாததால் அவருக்கு எதுவுமே கிடைக்காது. அதனால் முப்பது வினாடிக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கும். மொய் எழுதும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளும், இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள பழைய நூல்களும் ஒலிப்பதிவுகளும் டோரண்டில் சட்டப்படி கிடைக்கின்றன. விண்டோஸ் அப்டேட்டைக்கூட உங்கள் வீட்டில் உள்ள இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளலாம். அமைப்புகளில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று இருக்கும், போய்ப் பாருங்கள். ஆக, தொழில்நுட்பத்தில் குற்றம் இல்லை. பதிப்புரிமை உள்ள படத்தை அனுமதி இல்லாமல் இறக்கினால் குற்றம். டோரண்டில் கூடுதலாக ஒன்று உண்டு: இறக்கும்போதே நீங்கள் ஏற்றவும் செய்கிறீர்கள். "நான் பார்க்கத்தானே எடுத்தேன்" என்ற சமாதானம் எடுபடாது, சட்டத்தின் கண்ணில் நீங்கள் விநியோகமும் செய்தவர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூட்டத்தில் இருக்கும் எவரும் உங்கள் ஐபி முகவரியைப் பார்க்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐபி முகவரி என்றதும் இன்னொன்று. இரண்டு போன்கள் நேரடியாகப் பேசிக்கொள்வது சொல்வதுபோல் எளிதில்லை. பழைய ஐபி முறையில் மொத்தம் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். அதனால் உங்கள் வீட்டு ரவுட்டருக்கு ஒரு முகவரி, அதற்குப் பின்னால் உள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் உள்ளூர் எண்கள்தான். அபார்ட்மென்ட் வாசலில் ஒரே ஒரு கதவு எண் இருந்து, உள்ளே எந்த வீடு என்று காவலாளிக்கு மட்டும் தெரிந்தால் எப்படியோ அப்படி. வெளியிலிருந்து முன்பின் சொல்லாமல் வருபவரைக் காவலாளி உள்ளே விடமாட்டார். இரண்டு பக்கமும் இப்படிக் காவல் இருந்தால்? பொதுவான ஒரு சர்வர் இரண்டு பேருக்கும் மற்றவரின் வெளிவிலாசத்தைச் சொல்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் உள்ளிருந்து வெளியே செய்தி அனுப்புகிறார்கள். நம்ம வீட்டார் தேடிய ஆள்தான் வருகிறார் என்று நினைத்து இரண்டு காவலாளிகளும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அது பலிக்காத இடத்தில் பேச்சு முழுவதும் நடுச் சர்வர் வழியாகவே போகும்.

வாட்ஸ்அப்பில் இருவர் பேசும் அழைப்பு முடிந்தவரை இப்படி நேரடியாகத்தான் போகிறது. அப்போது எதிராளியின் போனுக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். அது வேண்டாம் என்றால் பிரைவசி, அட்வான்ஸ்டு பகுதியில் அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் வசதி 2023 நவம்பரிலிருந்து இருக்கிறது. போட்டுவிட்டால் எல்லா அழைப்பும் அவர்கள் சர்வர் வழியாகச் சுற்றிப்போகும், தரம் கொஞ்சம் குறையலாம். தெரியாதவர்களிடம் அடிக்கடி பேச வேண்டிய பெண்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இதைப் போட்டுக்கொள்ளச் சொல்லியே வருகிறேன். 2003இல் பி2பியாகவே பிறந்த ஸ்கைப், நல்ல இணைப்பு உள்ள பயனர்களின் கணினிகளையே இடைத்தாங்கலாக வைத்துக்கொண்டது. 2012இல் அந்த வேலையை மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டது. தூங்கித் தூங்கி விழிக்கும் மொபைல்களை இடைத்தாங்கலாக நம்ப முடியாதே.

அப்புறம் கிரிப்டோ. 2008 அக்டோபர் 31இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரையின் தலைப்பிலேயே பியர்-டு-பியர் என்ற சொல் இருக்கிறது. அங்கே அதன் பொருள் கணினிப் பொருள்தான். கணக்குப் பேரேட்டின் முழு நகலை ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருக்கின்றன, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது, ஒவ்வொரு கணினியும் அதைத் தானே சரிபார்க்கிறது. அணைக்க ஒரு சர்வர் இல்லை.

உங்கள் அறைத்தோழன் செய்வது இது இல்லை. அவர் ஒரு கிரிப்டோ சந்தையின் செயலியில், முகம் தெரியாத ஒருவருக்கு நாணயத்தை விற்கிறார். சந்தை அந்த நாணயத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வாங்குபவர் ரூபாயை வங்கி வழியாக அனுப்புகிறார். வந்ததும் நாணயம் விடுவிக்கப்படுகிறது. நடுவில் சந்தை இருக்கிறது, இரண்டு வங்கிகள் இருக்கின்றன. ஆபத்து ரூபாய் வரும் பாதையில். அனுப்பியவரின் பணம் யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், புகார் கொடுத்தவர் ஊரிலிருந்து சைபர் குற்றப்பிரிவு அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டே வரும், வழியில் உள்ள கணக்குகளை முடக்கும். எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்குச் சம்பளக் கணக்கே முடங்கியது. பார்த்தே இராத ஒரு மாநிலத்தின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி, வீட்டு வாடகைக்கு அம்மாவிடம் கேட்டு, நான்கு மாதம் அலைந்தான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. உங்கள் அறைத்தோழனிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

யூபிஐக்கு வருவோம். அங்கே முதல் பி, பியர் இல்லை, பெர்சன். நபரிலிருந்து நபருக்கு என்றால் பி2பி, கடைக்காரருக்கு என்றால் பி2எம். பணம் அனுப்பிய வகையைக் குறிக்கும் சீட்டு மாதிரிதான் இது. கட்டமைப்பைப் பார்த்தால் முழுக்க நடுவழிதான். நீங்கள் பின் எண்ணைப் போட்டதும் கோரிக்கை செயலியின் வங்கி வழியாக, யூபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐக்குப் போகிறது, அது உங்கள் வங்கியிடம் எடுக்கச் சொல்கிறது, நண்பரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. இவற்றில் ஒன்று நின்றாலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்குக்கூடப் பணம் போகாது. நடு இருப்பதில் நன்மையும் உண்டு. "பணம் கொடு" என்று கோரிக்கை அனுப்பி ஏமாற்றுவது பெருகியபோது, தனிநபர்களுக்கு இடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐயால் ஒரேயடியாக நிறுத்த முடிந்தது. பிட்காயினில் யாராலும் அப்படிச் செய்ய முடியாது.

கடைசியாகப் பி2பி கடன். 2005இல் பிரிட்டனில் ஸோபா என்ற நிறுவனம் ஆரம்பித்துவைத்தது. நம் ஊர்க் கைமாற்றுதான், ஆனால் கேட்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, செயலி சேர்த்துவைக்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் விதிகள் கொண்டுவந்தது. இப்போதைய வரம்புகளின்படி ஒருவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஒரே கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கூடாது, தவணை 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. சில தளங்கள் இதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைப்புநிதி மாதிரி விற்க ஆரம்பித்ததால் 2024 ஆகஸ்டில் விதிகள் இறுகின. உறுதியான வருமானம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. கடன் திரும்பாவிட்டால் நட்டம், பணம் கொடுத்தவருக்கே, தளம் ஈடுகட்டக் கூடாது. வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. நீங்கள் பார்த்த விளம்பரத்தில் "நிச்சய வட்டி" என்று இருந்தால் அந்த ஒரு வரியே விதிமீறல், அங்கேயே விலகிவிடுங்கள். ஓய்வூதியப் பணத்தை இதில் போடுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்க முயல்வதால்தான் மொழிபெயர்ப்புகள் தடுமாறுகின்றன. யூபிஐக்கும் கடனுக்கும் 'நபருக்கு நபர்' என்று எழுதினால் யாருக்கும் புரியும். பள்ளியில் மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு 'சக மாணவர் வழிக் கற்றல்'. கணினிப் பின்னலுக்கு நான் 'நிகர்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன்: நிகர்க் கணினி, நிகர்ப் பின்னல். சமம் என்ற மூலப் பொருள் அதில் அப்படியே இருக்கிறது, எழுதவும் சின்னது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் பியர்-டு-பியர் என்று போட்டுவிடுவேன். அடுத்த பத்தியிலிருந்து வாசிப்பவர்கள் நிகர் என்பதையே எடுத்துக்கொள்கிறார்கள்.